மெடூசாவின் சீப்பு

சீப்பு மெடூசாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையிலிருந்த பாம்புகளும் தூங்கின.

ஒரு காலத்தில் அங்கே இடுப்புவரை கூந்தல் இருந்தது. கோயிலுக்குள் வைத்து கடலரசன் அவளைக் கெடுத்தான். கோயிலின் தெய்வம் அவனை விட்டுவிட்டு அவளைச் சபித்தது. முடியெல்லாம் பாம்பானது. அவளை நேரே பார்த்தவர்கள் கல்லானார்கள். அவள் தன் முகத்தைத் தானே பார்த்துவிடக் கூடாதென்று, அவளுடைய கண்ணாடி அன்றே குகைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அதற்குப் பிறகும் அவள் காலையில் பழக்கத்தில் சீப்பை எடுப்பாள். பாம்புகள் சீறும். எடுத்த வேகத்தில் வைத்துவிடுவாள்.

"பாம்புக்கு வகிடு எடுக்கப் போறியாக்கும்?" என்று கண்ணாடி சிரிக்கும். "நான் திரும்புறதுக்கு முன்னால உன் பல்லிடுக்குல பார்த்த அழுக்கு இன்னும் இருக்காடா? உதறித் தொலை."

"அழுக்கு இல்லண்ணே. சாபத்துக்கு முன்னால சிக்கின முடி."

"அப்போ அவகிட்ட காட்டேன். பிறக்கும்போதே இப்படித்தானோன்னு அவளே புலம்புறா."

"பார்த்தா அழுதுடுவா. கொஞ்சம் தெளிஞ்சு இருக்கிற நாளாப் பார்த்துக் காட்டுறேன்."

அந்த நாளுக்கு முன்பே ஒருவன் வந்தான். பளபளக்கும் கேடயத்தில் அவள் நிழலைப் பார்த்தபடி வாளை வீசினான். தலையைப் பையில் போட்டுக்கொண்டு போனான். "பிறவி ராட்சசி!" என்று வெளியே படகுக்காரர்களிடம் கத்தினான்.

"இப்போ திரும்பலாமாடா?" என்று கண்ணாடி கேட்டது.

"திரும்புங்கண்ணே. யாரும் இல்ல."

சீப்பின் பல்லிடுக்கில் நீளமான கறுப்பு முடி ஒன்று இருக்கிறது.