மிதிபட்ட வாசற்படி

காண்ட்ராக்டர் எங்களுக்குத் தர வேண்டிய கூலி நாலாயிரத்து முந்நூறு. மங்கோலியர் வாழ்வைப் பற்றிய சொற்பொழிவுக்காக நானும் மச்சானும் மேடையில் எழுப்பிய கம்பளிக் கூடாரத்தின் வாசற்படியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, அவர் போட்டோவுக்குச் சிரிக்கிறார். "படியை மிதித்தால் வீட்டுக்காரனின் கழுத்தை மிதித்த மாதிரி என்பது அங்கே நம்பிக்கை," என்று பேராசிரியர் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அண்ணே, கூலி," என்கிறான் மச்சான். "கோணலாக் கட்டிட்டுக் கூலி வேற கேக்குதோ? போடா." "கட்டுனவன் நான். என் கழுத்துலேர்ந்து காலை எடுங்க," என்கிறான் மச்சான். கால் அசையவில்லை. மச்சான் கையிலிருந்த கொட்டாப்புளி, முளை அடித்த அந்த மரச் சுத்தியல், அந்தக் காலின் மேல் இறங்குகிறது. எலும்பு நொறுங்குவது மைக்கில் கேட்கிறது. வெள்ளைக் கம்பளியில் ரத்தம் ஊறுகிறது. காண்ட்ராக்டர் உருண்டு அலறி, பர்ஸை என் மேல் வீசுகிறார். நான் எங்கள் கூலியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, கூலிக் கணக்கு நோட்டில் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்: பாக்கி இல்லை.