அந்தக் கள்ளர் படம்

"திரும்பவும் அந்தக் கள்ளர் படமோ, தோமஸ் அண்ணை?"

துணுக்காயில் வீடியோ டெக் வைத்திருந்த அப்புத்துரைக்குச் சலித்துவிட்டது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தோமஸும் மனைவி அருளம்மாவும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவனுடைய கொட்டிலுக்கு வந்துவிடுவார்கள். ஜெனரேற்றருக்கு ஊற்றவென்று, தங்கள் விளக்கெரிக்க வைத்திருந்த மண்ணெண்ணெயில் ஒரு போத்தல் கொண்டுவருவார்கள்.

இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. வங்கியைக் கொள்ளையடித்த இரண்டு பேர் காரில் தப்பி ஓடும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் அது. வேறு யாரும் அதை இரண்டாம் முறை கேட்டதில்லை.

"இண்டைக்குத்தான் கடைசி, அண்ணை. மச்சான் வவுனியாவில இருந்து புதுப்படம் இரவலாக் கொண்டுவந்திருக்கிறான். வேற கசெற் இல்லை. இதை அழிச்சுத்தான் பதியப்போறன்."

அருளம்மா கணவனைப் பார்த்தாள். அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. பொலிஸ் கார்கள் துரத்த, அருளம்மா குனிந்தபடி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நடுவில கொஞ்சத்தை ஓட்டிவிடட்டே?"

"வேண்டாம் தம்பி," தோமஸ் பதறினார். "கெதியா ஓட்டினா நாடா அறுந்திடும்."

அழிக்கப்போகிற நாடாவைப் பற்றி இவருக்கென்ன கவலை என்று அப்புத்துரை நினைத்துக்கொண்டான்.

கடைசியில் பாலத்தில் வைத்துக் கள்ளர்கள் சுடப்பட்டார்கள். வழக்கமாக வெளியே ஜெனரேற்றரடியில் நிற்கும் அப்புத்துரை அன்று உள்ளேயே இருந்தான். டெக்கை நிறுத்தப் போனவனை அருளம்மா மறித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ, தம்பி."

திரை புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. பிறகு, அந்தக் கசெற்றில் முன்பு பதிந்திருந்த யாரோ ஒருவரின் கலியாண வீடு நிறத்தோடு வந்தது. நீலச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி பலகாரத் தட்டோடு வந்தாள். கமெராவைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதோடு நாடா முடிந்தது.

அருளம்மா எழுந்துபோய் வெறும் திரையில் கையை வைத்தாள்.

"ஆரண்ணை அந்தப் பிள்ளை?"

"எங்கட மகள் கலிஸ்ரா," என்றார் தோமஸ். "ஓடிவரேக்க செல் குண்டு விழுந்து போயிட்டாள்."

அப்புத்துரை அருளம்மாவின் பக்கம் திரும்பினான். "வீட்டில... வேற படங்கள் இருக்குமே, அக்கா?"

அருளம்மா திரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவளின்ர படமெண்டு எங்களிட்ட இது ஒண்டுதான், தம்பி."