அறுபது கிலோ மணல்

காரைப் புரட்டிப் போட்டு அடியில் வெல்டிங் வைப்பதற்காக, போர்வெல் பைப்பிலேயே ஒரு சுழல் ஸ்டாண்ட் செய்திருந்தார் நியாஸ் அகமது. அதில் அம்பாசடரின் வெறுங்கூடு தொங்கியது. எஞ்சின் இல்லை, சீட் இல்லை. எப்படிச் சுற்றிவிட்டாலும் டிரைவர் பக்கம்தான் கீழே இறங்கியது.

"ஏலே காசி, ஸ்டாண்டோட சென்டரை நகட்டினியா?"

"நான் தொடவே இல்ல பாய்," என்றான் உதவியாள் பையன்.

நியாஸ் நம்பவில்லை. மூன்று முறை தானே அளந்தார். பிசகில்லை. இடது பக்கம் அறுபது கிலோ மணல் மூட்டை கட்டிய பிறகே கூடு சமமாக நின்றது.

கார்க் கதவுகளைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். சந்தேகம் தீராமல் காசியையும் கையோடு அழைத்துக்கொண்டு, ஷெட்டைப் பூட்டி, திருவேங்கடம் ரோட்டில் டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், மணல் மூட்டை தரையைத் தொட்டுக் கிடந்தது. முறுக்கிய கம்பி அவிழ்ந்து, டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது.

காசி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பாய், பூட்டு போட்டபடியேல்லா இருந்துச்சு. அப்போ கார விட்டு இறங்குனவங்க இன்னும் ஷெட்டுக்குள்ளதான் இருக்காவ."