பெரிய அடுப்பு

"அக்கா, இந்த வருசம் நீங்க அடுப்புப் பக்கம் வர வேணாம். தோலு உதிருது. சோத்துல விழுந்தா யாரு சாப்பிடுவா?"

கோயில் கமிட்டித் தலைவர் சோலைமலை இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. திருவிழா பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில், தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார். வீரம்மா முந்தானையை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

திருவிழாவன்று காலையில் கொழும்பிலிருந்து வந்திறங்கிய மகள் பிரேமினிக்கு இதைச் சொன்னது பக்கத்துக் காம்பரா வீட்டு நிஷாந்தி. 

டயகமப் பக்கத்திலிருக்கும் அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் வீட்டுக்கு ஒரு கட்டு மிலாறு கொடுக்க வேண்டும். மிலாறு என்பது கவ்வாத்தில் வெட்டிப் போடும் தேயிலைக் கிளை. மழையில் நனைந்தால் எரிவதை விடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகைக்குள் உட்கார்ந்து ஊருக்கே சோறாக்குவது வீரம்மாதான்.

அவளுக்குச் சொரியாசிஸ். கையிலும் காலிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். கொழுந்து பறிக்கும் மலையில் அவள் குடித்த கோப்பையில் யாரும் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். கல்யாண வீட்டில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். ஆனால் அம்மன் கோயில் சோற்றை மட்டும் ஒருவரும் வேண்டாமென்றதில்லை. வருசத்தில் அந்த ஒரு நாள் அவளும் எல்லாரையும் போல ஒரு மனுசி.

அந்த ஒரு நாளையும் பறித்துவிட்டார்கள்.

வீரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, வேறு யாராவது ஆக்கட்டும் என்றாள். பிரேமினி விடவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயில் மேட்டில் ஏறினாள். வீரம்மா நாலு படிக்கு ஒருதரம் நின்றாள். அவமானத்தில் அவளுக்குக் கால் வரவில்லை என்று நினைத்தாள் மகள்.

கோயிலடியில் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சோலைமலை அடுப்புக்கல்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சொரியாசிஸ் ஒட்டுற நோயில்ல. தொட்டாலும் ஒட்டாது, ஒண்ணா சாப்பிட்டாலும் ஒட்டாது. தெரியுமா?"

தெரியும் என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னீங்களா?"

அவர் அடுப்புக்கல்லை நகர்த்தி வைத்தார்.

ஒபிஸ் மீட்டிங்கில் பிரேமினி கடைசி வரிசையில்தான் உட்காருவாள். இன்று குரல் கூடப் பிசகவில்லை. தோட்டத்துச் சனம் என்று டவுனில் நம்மை ஒதுக்கினால் மட்டும் ரோசம் வருகிறதே, நம்மிலேயே ஒருத்தியை நாமே ஒதுக்கலாமா என்று கேட்டாள். கூட்டத்தில் ஒரு ஆளாவது எழுந்து தப்பு என்று சொன்னீர்களா என்று கேட்டாள். கடைசியாக, அடுக்கி வைத்திருந்த விறகிலிருந்து தன் வீட்டு மிலாறுக் கட்டை உருவித் தோளில் வைத்தாள்.

"எங்கம்மா ஆக்காத அடுப்புக்கு எங்க வீட்டு விறகு எதுக்கு?"

நிஷாந்தியும் வந்து தன் கட்டைத் தூக்கினாள். இன்னும் ரெண்டு பேர் வந்தார்கள்; பிறகு ஒவ்வொரு வீடாக வந்து கட்டைத் தூக்கியது.

அடுப்பு எரியாது என்று தெரிந்ததும் கமிட்டிக்குப் புத்தி வந்தது. கூட்டத்தில் தலைவர் சொன்னதற்கு முதல் ஆளாகத் தலையாட்டிய கமிட்டிக்காரர் இராமையா, "நான் அப்பவே நெனச்சேன், இது பாவமின்னு. தலைவருதான் கேக்கல" என்றார். எல்லாரும் சேர்ந்து சோலைமலையைத் திட்டினார்கள். வீரம்மாவையே ஆக்கச் சொல்லி, விறகுக் கட்டுகளைத் திரும்ப வாங்கி வைத்தார்கள். சோலைமலை அடுப்படியை விட்டு விலகினார்.

வீரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஊதுகுழலை எடுத்து ஊதினாள். புகை குபுகுபுவென்று எழும்பியது.

பிரேமினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டாள். சோலைமலை பக்கத்தில் வந்து நின்றதும், இன்னும் ரெண்டு வார்த்தை கேட்கத் தயாரானாள்.

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "போன மாசம் அக்காவ என் ஆட்டோவுலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மூச்சு விட ஒட்சிசன் வச்சாங்க. இந்த நோய் சில பேருக்குத் தோலோட நிக்காதாம். நெஞ்சுக்குள்ள நுரையீரல் காய்ஞ்சு போயிருக்கு புள்ள. அடுப்புப் புகை ஒரு நாளு கூட ஆகாதுன்னாரு டொக்டர்."

பிரேமினி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுட்டு வந்துருவியாம். அம்மன் மேல சத்தியம் வாங்கிட்டாங்க. அடுப்ப விடுங்கக்கான்னு கெஞ்சிப் பார்த்தேன். செத்தாலும் இந்த அடுப்புலதான் சாவேன்னாங்க. ரோசம் வந்தாத்தான் எந்திரிப்பாங்கன்னு ஊரு முன்னால அப்பிடிப் பேசினேன்."

புகைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. நிற்காத இருமல்.

பிரேமினி ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்தாள். புகை வேணாம், எல்லாம் தெரிந்துவிட்டது, எழுந்து வா என்று காதோடு கெஞ்சினாள். வீரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளுதானே. நீதானே எனக்கு இந்த எடத்த வாங்கிக் குடுத்த."

மறுபடி ஊதுகுழலை வாயில் வைத்தாள்.

பிரேமினி சோலைமலையைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் எழுந்து நின்றாள். தோட்டத்துச் சனம் அத்தனைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்:

"எந்திரிம்மா. நீ ஆக்குற சோத்த நான் சாப்பிட மாட்டேன்."