நூறு சதவீதத்தில் ஒரு முகம்

“தூசி!” என்றார் பிக்சல் புலி, திரையில் விரலை வைத்து. “சென்சார்ல தூசி. இதோ பார், காதுக்குப் பக்கத்துல. இந்தக் கேமராவைத்தான் தலையில தூக்கி வெச்சு ஆடறியா?”

பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த மைத்துனன் திரைப்பக்கம் குனிந்தான். “அது தூசி இல்ல மாமா. மச்சம்.”

“மச்சமாம்!” புலி சிரித்தார். அதில் பாதி மூக்கு வழியாக வந்தது. “எத்தனை கேமராவைத் துவைச்சுக் காயப்போட்டவன் நான். எனக்கே மச்சம் காட்டறான்.”

மனிதர் கேமராக்களை மதிப்பிட்டு எழுதுகிறவர். ‘பிக்சல் புலி’ என்பது வாசகர்கள் வைத்த பெயர் என்று அவரே சொல்லிக்கொள்வார். புதிதாக எந்தக் கேமரா வந்தாலும், அதில் எடுத்த மாதிரிப் படங்கள் இவருடைய அறைக்கு வந்து நாலு உதை வாங்காமல் தப்பிக்க முடியாது.

முழுப் படத்தைப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. திறக்கும்போதே நூறு சதவீதத்தில், அதாவது திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக, விரியும்படி அமைத்து வைத்திருக்கிறார். முதலில் நான்கு மூலை, அப்புறம் நடு, அப்புறம் தீர்ப்பு. முழுசாகப் பார்க்கிறவன் கல்யாண ஆல்பம் பார்க்க வந்தவன் என்பது அவர் கட்சி.

அவர் சோதனைக்கு எடுக்கிற படமோ எப்போதும் ஒன்றுதான், எதிர்வீட்டுச் செங்கல் சுவர். எந்த வரிசையில் எந்தச் செங்கல் விரிசல் விட்டிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இதையும் ஒரு பெருமையாக நினைத்துக்கொண்டிருக்கும் ஜென்மத்தை என்ன சொல்வது!

மைத்துனனுக்கு அன்று அந்தத் தீர்ப்புதான் எல்லாம். இருந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு அலைகிறவன் அவன். பெரிய ஸ்டுடியோ ஒன்றில் முகப்படம் எடுக்க ஆள் தேடினார்கள். “உங்க மாமா ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே வந்து சேரு” என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார்.

“அடுத்து கண்ணு.” புலி மவுஸை நகர்த்தினார். திரை முழுக்க ஒரே ஒரு கண் வந்து நின்றது. “இமை முடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. கீழ பார், ஒரே கருப்பு. கேமரா கோளாறா, இல்ல இந்த அம்மா தூங்கியே பல வருஷம் ஆச்சான்னு தெரியல.”

“ஜன்னல் வெளிச்சத்துல எடுத்தேன் மாமா. வெளிச்சம் திரும்பி முகத்துல விழட்டும்னு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டேன். அவங்க சிரிச்சதே அந்த ஒரு நொடிதான்.”

“துண்டா? நல்லவேளை, கோவணத்தைக் கட்டல. சிரிப்பை எவன்டா கேட்டான்?”

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா டீயோடு வந்தாள். “அங்க வை” என்றார் புலி, திரும்பாமல். வைத்தவள் போகவில்லை. தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்தாள்.

“ஏங்க, ஒரு தடவை முழுசாத்தான் பாருங்களேன்.”

“தம்பிக்கு சிபாரிசா? இதுல உனக்கு என்ன தெரியும்? கதவைச் சாத்து, வெளிச்சம் ஸ்கிரீன்ல அடிக்குது.”

அவள் கதவைச் சாத்தினாள். ஆனால் உள்ளேயேதான் நின்றாள்.

புலி கன்னத்துக்குப் போனார், அங்கிருந்து கழுத்துக்குப் போனார். தோல் மஞ்சள் அடிக்கிறது என்றார். காதோர நரை, முடி முடியாகப் பிரியாமல் மாவு கொட்டினாற்போல் இருக்கிறது என்றார். சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பதுபோல அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துச் சொத்தை சொல்லிக்கொண்டே போனார்.

கேட்கிற நமக்கே கை பரபரக்கிறது. மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். வேலை வேண்டுமே.

“இன்னும் படம் இருக்கு மாமா. அதையும் ஒரு பார்வை...”

“இது ஒண்ணே போதும். இதுக்கு மேல பார்த்தா எனக்குக் கண்ணு வலிக்கும்.”

அங்கேயே போனை எடுத்து ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். அவமானம் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

“என் மச்சினன்னு பார்க்காதப்பா. கேமரா குப்பை. எடுத்தவனுக்கு ஒரு முகத்தைப் பார்க்கவே தெரியல. போயும் போயும் களையே இல்லாத ஒரு அம்மாவைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கான். நீ வேற ஆளைப் பாரு.”

“நீங்க சொன்னா சரிதான் சார்” என்றது போன். அத்தோடு அந்த வேலை போயிற்று.

புலி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தம்ளரைப் பின்பக்கமாக நீட்டினார். வழக்கமாக உடனே வாங்கிக்கொள்ளும் கை இன்று வரவில்லை. தம்ளர் அந்தரத்திலேயே நின்றது.

“இனிமேலாவது ஆளைக் கொஞ்சம் பார்த்துப் பிடி” என்றார், பெரிய மனது பண்ணி. “ஆமா, இந்த அம்மாவை எங்கடா பிடிச்சே?”

மைத்துனன் எழுந்து நின்றான். இனிப் பயப்படுவதற்கு அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

“உங்க சமையல்கட்டுல, மாமா.”