நயினாரின் நிழலுரு

மகள் வீட்டிலிருந்து திரும்பிய ஆறுமுகநயினார், கடிகாரக் கடை மைதீன் சாமான்களை வேனில் ஏற்றுவதைப் பார்த்துத் திகைத்தார். புத்தாக்க வளாகம் கட்ட இந்தக் கடைத்தெருவைக் கொடுக்க மாட்டோம் என்று எல்லோரையும் சேர்த்து நிறுத்தியவரே நயினார்தான்.

“கூட்டத்துல ஒங்க நிழலுரு என்னமா பேசிச்சு அண்ணாச்சி! அதே தொண்டை, அதே அதட்டல். நயினாரே எடத்தக் குடுக்காருன்னா நமக்கென்னன்னு தெருவே கைரேகை வச்சிட்டு.”

கூட்டத்துக்கு வர முடியாதவரின் முகத்தோடும் குரலோடும் பேசும் நிழலுருவை, அவர் வீட்டார் மட்டும்தான் அனுப்ப முடியும். நயினார் பக்கத்தில் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். ஹரிஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

“எங்க வீட்டுலதான் நம்ப மாட்டேங்கா. அண்ணாச்சி வாயில அந்தச் சொல் வராதுங்கா. நீங்க சொல்லித்தான அது பேசிச்சு?” என்று கேட்டார் மைதீன்.

பெற்ற மகனே அப்பன் குரலைத் திருடினான் என்று தெரிந்தால், அந்தக் குடும்பத்தின் பெயரை ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். நயினார் முதுகை நிமிர்த்தினார்.

“நான் சொல்லித்தான் பேசிச்சு மைதீன்.”

மைதீனின் முகம் செத்துப்போயிற்று. விடைபெறாமலே வேனில் ஏறிக்கொண்டார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் ஹரிஷ், “அப்பா…” என்று கையைப் பிடிக்க வந்தான்.

“தொடாதல” என்றார் நயினார்.