சகலையின் வெளிநாட்டு வீடு

மனைவியின் தங்கை புருஷன் வெளிநாட்டில் வீடு வாங்கிய சேதி வந்ததிலிருந்து அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. வாழ்த்துச் சொல்லும் சாக்கில் நோட்டம் விடப் போனார்.

"வாடகைக்கு ஆள் வந்தாச்சா, சகலை?"

"எங்கண்ணே! காலியாத்தான் கிடக்கு."

கையிலிருந்த காபி அப்போதுதான் இனித்தது.

"வாடகை வராம பேங்க் தவணையை எப்படிக் கட்டுவே?"

"நான் கட்டலைன்னா ஜாமீன் போட்டவர்கிட்ட பிடிச்சுக்குவாங்க. அங்கேயே வேலை பார்க்கிற ஒருத்தர் ஜாமீன் போட்டாத்தான் நம்மள மாதிரி வெளியாளுக்குக் கடன் தருவாங்க."

"எந்த ஏமாந்த சோணகிரி போட்டான்?" அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உங்க பையன்தாண்ணே. 'அப்பாகிட்ட சொல்லாதீங்க சித்தப்பா, வயிறெரிவார்'னான்."

அவருக்குப் புரையேறியது.

"வீட்டைக் காலியாப் போடலாமா, சகலை? நாளைக்கே நான் ஆள் பிடிச்சுத் தர்றேன்!"